கடைசி இரண்டு புள்ளி

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி திருப்பூரில் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் கால் வைக்க முடியாது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு முண்டியடிப்பார்களே, அந்த மாதிரிக் கூட்டம். ஆளாளுக்கு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். மாலை ஆறு மணிக்குள் அங்கே முந்நூறு என்று காட்டினால் பிழைத்தார்கள். ஆறு அடித்துவிட்டால் அதைத் தொடாதவர்களுக்கெல்லாம் பூஜ்யம். மறுபடி முதலிலிருந்து பட வேண்டும்.

எதைப் பட வேண்டும் என்று கேட்கிறீர்களா? வலியைத்தான்.

ஒரு காலத்தில் மருத்துவக் காப்பீட்டில், முதல் பத்தாயிரம் ரூபாய் உன் கைக்காசு, அதற்கு மேல் எங்கள் பொறுப்பு என்று வைத்திருந்தார்கள். அந்தப் பத்தாயிரம் ஐம்பதாயிரமாயிற்று. ஐம்பது மூன்று லட்சமாயிற்று. பாலிசி வைத்திருப்பவனும் இல்லாதவனும் ஒன்றுதான் என்று ஆனபோது ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனிக்காரர்கள் கூடி யோசித்து ஒரு வழி சொன்னார்கள். இனி முதல் பங்குக்குப் பணமே வேண்டாம். காசில்லாதவனுக்கும் வலி உண்டல்லவா, முதல் பங்கு வலியை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எல்லாம் நாங்கள். ‘முதற்பொறுமை’ என்று அழகாகத் தமிழ்ப் பெயர் வேறு வைத்தார்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு என்று ஊரே பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. மடத்தனம், வேறென்ன சொல்ல.

வலியை அளக்க ஆளுக்கொரு பட்டை வந்தது. மணிக்கட்டில் கட்டிவிட்டால் உடம்பு படும் பாட்டைப் புள்ளியாக்கிக் கூட்டிக்கொண்டே போகும். முதல் வருடம் அறுபது புள்ளி போதும், பாலிசி திறந்துவிடும். கால் உடைந்தவன் பாதி நாளில் திறந்துவிடுவான். அப்புறம் நூறு, நூற்றெண்பது, இப்போது முந்நூறு. இன்றைக்கு ஆறு மணிக்குப் பிறகு நானூற்றைம்பது. பாலிசி திறக்காமல் வலி மாத்திரை அலமாரிகூடத் திறக்காது. அறுவை அரங்கின் கருவிகளெல்லாம் கம்பெனிக்காரனுடையவை, பாலிசி திறக்காமல் ஒரு கத்தி வெளியே வராது. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் போன வருடம் இதே பட்டை வந்துவிட்டது. சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டு புள்ளி சேர்க்கப் பார்த்தவர்கள் உண்டு. வலி வரப்போவது முன்கூட்டித் தெரிந்தால் உடம்பு ஒரு தினுசாக இறுகுமாம். பட்டை அதை மோப்பம் பிடித்து ஐம்பது புள்ளி வெட்டிவிடும்.

அவினாசி ரோட்டிலிருந்த அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் திறக்காதவர்களுக்கானது. மேல்தளங்கள் திறந்தவர்களுக்கு. கீழ்த்தளத்தின் சீனியர் நர்ஸ் மிதுனா. வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடமாக ஊசி பிடித்த கை. அவள் ஊசி போட்டால் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது என்று பல்லடம், காங்கயம் வரைக்கும் பேச்சு. கைராசிக்காரி என்று பெயர். டாக்டர் யாராக இருந்தாலும் பரவாயில்லை, நர்ஸ் மிதுனாதான் வேண்டும் என்று பஸ் ஏறி வருவார்கள். கீழ்த்தளத்தில் கொடுக்க மருந்தில்லாமல் போன பிறகு ஊசிக்கு வேலையில்லை. கை மட்டும் மிச்சம். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் அவள் வைத்தியம். அவளும் பட்டை கட்டியிருந்தாள். நோயாளியின் தோலில் உராயக்கூடாதென்று பட்டையின் முகத்தை உள்பக்கம் திருப்பி, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அதில் என்ன எண் ஓடுகிறது என்று பார்த்தே வருடக்கணக்காகிறது.

அந்த மார்ச் முப்பத்தொன்று காலை எட்டு மணிக்குக் கோகிலவாணி வந்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைப்பவள், நாற்பது வயது. கூடவே புருஷன் நந்தகுமார், சாயப்பட்டறையில் வேலை, நகக்கண்ணெல்லாம் நீலம். பித்தப்பையில் கல். நாலு நாளாக வலி. பட்டையில் இருநூற்று அறுபத்தெட்டு.

"மிதுனாக்கா டூட்டின்னு கேட்டுட்டுத்தானுங்க இங்க வந்தோம்" என்றான் நந்தகுமார். "இவளோட அம்மாவுக்கு நீங்கதான் பாத்தீங்களாம்."

"வந்துட்டீங்கல்ல, விடுங்க. முப்பத்திரண்டு புள்ளிதானே, மத்தியானத்துக்குள்ள ஏறிரும்" என்று மிதுனா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "கையக் கொடு அம்மிணி."

கோகிலவாணியின் விரல்கள் தடித்துக் காய்த்திருந்தன. வலி வரும்போது அந்த விரல்கள் மிதுனாவின் கையை இறுக்கும். மிதுனா கட்டைவிரலால் அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே எதையாவது கேட்பாள். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் தைப்பே? சூப்பர்வைசர் கோவக்காரனா? கோகிலவாணி சூப்பர்வைசர் நடக்கிற நடையைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க பக்கத்துல இருந்தா தேவுலீங்க்கா. வலி இருக்குது, ஆனா அது பாட்டுக்கு ஒரு ஓரமா அக்கட்டால கெடக்குது."

"கெடக்கட்டும், நாம பேசுவோம்" என்றாள் மிதுனா. அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. இந்த வேலையில் அவளுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் இது ஒன்றுதான்.

மத்தியானம் ஒரு மணிக்கு இருநூற்று எழுபத்தொன்று. மூன்றரைக்கு இருநூற்று எழுபத்திரண்டு.

மூன்றரை மணிக்கு டாக்டர் ஃபர்ஹானா மிதுனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள். அறுவை சிகிச்சை டாக்டர், முப்பது வயது இருக்கும். படபடவென்று பேசுகிற பெண் அன்று கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஸ்கேன் பாத்தேன். பை முழுக்க சீழ். இன்னிக்கு எடுத்தா பொழச்சுக்குவாங்க. விட்டா ரெண்டு நாள் தாங்காது, உள்ளயே வெடிச்சிரும்."

"ஆறு மணிக்குள்ள திறந்திரும்ல?"

"இப்படியே போனா திறக்காது. ஆறு மணிக்குப் பூஜ்யம் ஆயிரும். அப்புறம் நானூத்தம்பது சேக்கறதுக்குள்ள..." ஃபர்ஹானா முடிக்கவில்லை.

"நாலு நாளா வலியில துடிக்கிற பொம்பளைக்கு எப்படிம்மா ஏறாம நிக்கும்? பட்டையில ஏதாவது கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல. உடம்பு பழகின வலியப் பெருசா எடுத்துக்காது. இருபத்திரண்டு வருசம் குனிஞ்சு தைச்ச உடம்பு. முதுகு, கழுத்து, கண்ணுன்னு தினமும் வலியிலயே இருந்திருக்கு. அதுக்கு இது இன்னொண்ணு, அவ்வளவுதான். போன வாரம் ஒரு மில் ஓனர் பையன் ஷட்டில் ஆடி கணுக்கால் சுளுக்கிட்டு வந்தானே, ஞாபகம் இருக்கா? ஒண்ணரை நாள்ல முந்நூறு. அவன் பொய் சொல்லலக்கா. அவனுக்கு நெஜமாவே அவ்வளவு வலிச்சது. அளவு எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னாங்க, உடம்பு ஒண்ணா என்ன?"

ஃபர்ஹானா திரையை அவள் பக்கம் திருப்பினாள். கோகிலவாணியின் நாலு நாள் கோடு. மலை மாதிரி ஏறி ஏறி வந்த கோடு இன்று காலை எட்டு மணியிலிருந்து தரையாகப் படுத்துக் கிடந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் சின்ன மேடு.

"இது என்ன, பதினொண்ணே முக்கால்ல?" என்று கேட்டாள் மிதுனா.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

யோசித்துப் பார்த்தாள். சாப்பிடப் போயிருந்தாள். பத்து நிமிடம்.

ஃபர்ஹானாவின் குரல் இறங்கிப்போயிற்று.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் இன்னிக்குத்தான் உறைச்சது. பழைய கணக்க எடுத்துப் பாத்தேன். பட்டை வந்து ஆறு வருசம் ஆச்சு. உங்க ஷிஃப்ட்ல இருந்தவங்க மத்தவங்களவிட ஒண்ணரை நாள் பிந்தித்தான் திறந்திருக்காங்க."

"திறக்காமயே போனவங்க?"

"அது வேண்டாங்க்கா."

"சொல்லும்மா."

"பதினொரு பேர்."

மிதுனாவுக்கு அவர்களில் ஏழெட்டுப் பேரின் முகம் உடனே வந்தது. சித்தோட்டுப் பெயிண்டர் ஒருவர், குடல் முறுக்கிக்கொண்டு வந்தவர், இரண்டு நாளும் அவள் கையை விடவே இல்லை. வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்று அவர் பிள்ளைகள் மிதுனாவின் காலில் விழுந்தார்கள். இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு தூக்குப்போசி நிறைய அதிரசம் கொண்டுவந்து தருகிறார்கள். அவளும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

"நான் இப்ப என்ன பண்ணணும்?"

"கைய விட்டுட்டு வெளிய வந்திருங்க. புருசனையும் எங்கயாவது அனுப்பிருங்க. அது போதும்னு நெனைக்கிறேன்."

"ஏன்னு அவகிட்டச் சொல்லிட்டு வரட்டுமா?"

"சொன்னா அது ஏற்பாடு. அவங்க உடம்புக்குத் தெரிஞ்சிரும். ஐம்பது வெட்டிட்டா அப்புறம் ஒண்ணுமே பண்ண முடியாது." ஃபர்ஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "திறந்தப்புறமும் சொல்ல முடியாதுங்க்கா. தொண்ணூறு நாளைக்குள்ள கம்பெனில இருந்து ஆள் வந்து, யாராவது சொல்லிக்கொடுத்துப் புள்ளி ஏறுச்சான்னு கேப்பான், ஆமான்னா பாலிசியே ரத்து. பட்டை கட்டின கையோட பொய் சொல்ல முடியாது. அவங்களுக்கு எதுவுமே தெரியாம இருக்கறதுதான் நல்லது."

"என்னையக் கேப்பானா?"

"நர்ஸக் கேக்கணும்னு இதுவரைக்கும் யாருக்கும் தோணல."

மிதுனா வெளியே வந்தாள். கூடத்தின் கடிகாரத்தில் நாலேகால்.

முதலில் நந்தகுமாரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, அவினாசியில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போய் ரிசல்ட் வாங்கி வரச் சொன்னாள். அங்கே அப்படி ஒரு ரிசல்ட்டும் இல்லை. மனுஷன் ஓடினான். சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. பிறகு கட்டிலருகே வந்து நின்றாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

கோகிலவாணி கையை நீட்டினாள். "வாங்க்கா. சித்தெ நேரமா பெரட்டிப் பெரட்டி எடுக்குது."

"எனக்கு டூட்டி முடிஞ்சிருச்சு" என்றாள் மிதுனா.

"வேற யாரு வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க. எல்லாரும் பொறுத்துக்கலையா? நீயும் பொறுத்துக்க."

தன் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று மிதுனாவுக்கே தெரியாது. கோகிலவாணி விளையாட்டு என்று நினைத்துப் பாதிச் சிரிப்போடு கையை நீட்டியபடியே இருந்தாள். மிதுனா ஸ்டூலை எடுத்துக்கொண்டு நடந்தாள். இல்லாவிட்டால் திரும்ப உட்கார்ந்துவிடுவோம் என்ற பயம்.

நர்ஸுகளின் மேஜை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். அங்கே ஒரு திரையில் எல்லாக் கட்டில்களின் எண்களும் ஓடும். பதினாலாம் நம்பர் கட்டில், இருநூற்று எழுபத்து நாலு. மிதுனா குனிந்து உட்கார்ந்துகொண்டாள், அந்தப் பக்கத்திலிருந்து தலை தெரியாதபடி.

நாலேமுக்காலுக்கு இருநூற்று எண்பது. "அக்கா" என்று முதல் தடவை கேட்டது. ஐந்து மணிக்கு இருநூற்று எண்பத்தாறு. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் முந்நூறு தொட்டுவிட்டார், அவரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார்கள், அவர் சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளும் "மிதுனாக்கா, மிதுனாக்கா" என்பது அவளுக்குத் தனியாகக் கேட்டது. முப்பது வருடத்தில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அவள் போகாமல் இருந்ததில்லை. கால் தானாக எழுந்தது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து இருபதுக்கு இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்று. கோகிலவாணி இப்போது பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு முனகினாள். பெற்ற தாயைக் கூப்பிட்டாள். ஐந்து நாற்பதுக்குத் தொண்ணூற்றாறு. ஐந்து நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு.

அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து ஐம்பது, தொண்ணூற்றெட்டு. ஐந்து ஐம்பத்து மூன்று, தொண்ணூற்றெட்டு. ஃபர்ஹானா மாடியிலிருந்து இறங்கி வந்து மிதுனாவின் பின்னால் நின்றாள். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"மயங்கறாங்க போல. மயங்கினா ஏறாதுக்கா" என்றாள் மெதுவாக.

மிதுனா எழுந்து நின்றாள். கண்ணாடித் தடுப்பின் முன்னால் போய், நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று, விரலால் கண்ணாடியைத் தட்டினாள். கோகிலவாணி தலையைத் திருப்பினாள். அவளைப் பார்த்துவிட்டாள். டூட்டி முடிந்து போனவள் போகவில்லை, பத்தடி தூரத்தில்தான் இத்தனை நேரமும் இருந்திருக்கிறாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. வா என்று கை உயர்ந்தது. மிதுனா கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். உயர்ந்த கை மெல்ல இறங்கியது. கோகிலவாணி அழவில்லை, கத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றொன்பது. முந்நூறு.

மணி ஐந்து ஐம்பத்தாறு. பட்டை பச்சையாயிற்று. ஆட்கள் ஓடி வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபர்ஹானா லிஃப்டுக்குள் நுழையும் முன் ஒரு நொடி நின்றாள்.

"கடைசி ரெண்டு புள்ளி வயித்து வலி இல்லக்கா" என்றாள்.

"தெரியும்மா. நீ போய் அவளப் பாரு."

கோகிலவாணி பிழைத்துக்கொண்டாள். இன்னும் ஆறு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். மூன்றாம் நாள் மிதுனா நாலாவது மாடிக்குப் போனாள். போகக்கூடாது என்று தெரியும். ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் மனசு கேட்கவில்லை. ஜன்னலோரக் கட்டில், பக்கத்தில் ஆரஞ்சுப் பழம். நந்தகுமார் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தான். கோகிலவாணி மிதுனாவைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்கினாள். போர்வைக்கு வெளியே இருந்த கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்குது அம்மிணி?"

நந்தகுமார் எழுந்து கட்டிலுக்கும் மிதுனாவுக்கும் நடுவில் வந்து நின்றான். அவினாசியில் ஒவ்வொரு ஆய்வகமாக ஏறி இறங்கியதை அவன் மறந்திருக்க மாட்டான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா இருக்குதுங்க. நீங்க கெளம்புங்க சிஸ்டர். உங்களுக்கு டூட்டி முடிஞ்சிருக்கும்" என்றான்.

மிதுனா தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். லிஃப்டில் ஏற மனமில்லாமல் படியில் இறங்கினாள். கீழ்த்தளத்தில் புது வருடத்துக் கூட்டம். எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியவர்கள், நானூற்றைம்பது எட்ட வேண்டியவர்கள். பதினாலாம் நம்பர் கட்டிலில் ஒரு புதுப்பெண், கல்யாண மருதாணிகூட அழியவில்லை. மிதுனாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்திருக்கப் பார்த்தாள். "நீங்கதானுங்களா மிதுனாக்கா? உங்களைப் பத்தி எங்க மாமியார் சொன்னாங்க" என்று கையை நீட்டினாள்.

"படுத்துக்க கண்ணு" என்றாள் மிதுனா. இரண்டு கையும் கோட்டுப் பைக்குள்தான் இருந்தது.

கழுவுமிடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் பிளாஸ்திரி நனைந்து ஓரம் பிரிந்திருந்தது. அதைப் பிய்த்துப் போட்டுப் பட்டையைத் துடைத்தாள். அதன் முகம் பச்சையாக இருந்தது.

என்னவோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே வைத்துப் படித்தாள். மார்ச் 31, மாலை 5.57. தங்கள் முதற்பொறுமை நிறைந்தது, காப்பீடு திறந்துள்ளது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே கோட்டுப்படமாக ஒரு மனித உருவம், பக்கத்தில் ஒரு கேள்வி: எங்கே வலிக்கிறது?

தலை, நெஞ்சு, வயிறு, முதுகு என்று தொட்டால் ஒளிரும். மிதுனா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ முனகும் சத்தம் கேட்டது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த உருவத்தின் வலது கையைத் தொட்டாள்.

எத்தனை நாளாக என்று அடுத்த கேள்வி வந்தது.

ஆறு வருடமாக என்று எழுதினாள்.